வடக்குக் காட்டுக்குத் தீ வைப்பது குறித்து

டாலிவர் பண்ணை, கோவிங்டன் கவுண்டி, அலபாமா
பிப்ரவரி 6, 2007

ரூஃபஸ் அண்ணனுக்கு,

பதினொரு நாள் யோசித்து, எல்லாப் பக்கமும் சீர்தூக்கிப் பார்த்து, இருபது தபால்தலை உள்ள சிறு புத்தகம் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். இன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்த முடிவு நிறைவேற்றப்பட்டது. பூப் படம் போட்டதும் இருந்தது, கொடிப் படம் போட்டதும் இருந்தது. கொடியைத் தேர்ந்தெடுத்தேன். இனி நமக்குள் நடக்கப்போவது இரண்டு நாடுகளுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்து என்பதால் அதுவே பொருத்தமாகப் பட்டது.

தொலைபேசி இணைப்பை எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸிலிருந்து அதில் மூன்று முறை பேசினோம். மூன்று முறையும் முதலில் வைத்தது நீங்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் எனக்குச் சத்தம் கேட்காது.

விஷயம் இதுதான். அறக்கட்டளையிலிருந்து மிஸ் கெஸ்லர் வந்திருந்தாள். இந்த நிலத்தை யாருக்கும் வீட்டுமனையாக விற்கமாட்டோம், மாடும் மரமுமாகவே வைத்திருப்போம் என்று நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோமே, அதைச் சரிபார்க்கிற பெண். நல்ல பெண். காலணியில் சேறு ஒட்டினால் சந்தோஷப்படுகிறவள். நிலத்தின் ஆறு துண்டையும் பார்த்துவிட்டு ஏழாவதாக வடக்குக் காட்டு வேலியில் வந்து நின்றாள்.

"மிஸ் ஓர்லீன், மத்ததெல்லாம் படத்துல வர்ற மாதிரி இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

"இது ஓய்வுல இருக்கு" என்றேன்.

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

அவள் எழுதிக்கொண்டாள். ஒப்பந்தப்படி எல்லாத் துண்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எரிய வேண்டும். இந்த வருஷம் இது எரிந்தாக வேண்டும் என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த எண்பது ஏக்கரில் முழங்கால் உயரத்துக்குச் சருகு. அதற்கு மேலே முள்செடி, அதற்கு மேலே கொடி, எல்லாம் ஏணி போல மரத்தில் ஏறி நிற்கின்றன. கோடையில் ஒரு மின்னல் அங்கே விழுந்தால் நெருப்பு அந்த ஏணியில் ஏறும். அப்பா நட்டு வளர்த்த அறுபது வயது பைன் மரம் ஒன்றும் மிஞ்சாது. காற்று வடக்கே இருந்து அடித்தால் அடுத்தது தொழுவம், அதற்கடுத்தது நான் இப்போது உட்கார்ந்து எழுதுகிற மேசை.

மற்ற துண்டுகளை நானும் நம் பண்ணையாள் ஹோசியாவும் அடுப்புப் பற்றவைப்பது போலக் கொளுத்துகிறோம். எரிகிறது, புல் வருகிறது, மாடு தின்கிறது, மரம் நிற்கிறது. இதுவும் எண்பது ஏக்கர்தான். இதையும் கொளுத்திவிடுவேன். நீங்கள் வர வேண்டாம். எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.

ஓர்லீன்


மொபைல் நகரம்
பிப்ரவரி 11

ஓர்லீன்,

நீ வர வேண்டாம் என்று சொன்னதால் வரவில்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் இந்த மாதம் முடியாது. பல் டாக்டரிடம் மூன்று தேதி வாங்கியிருக்கிறேன். எனக்கு மிச்சம் இருக்கிற பல் ஆறு. ஒரு பல்லுக்கு அரைத் தேதி.

கவனமாகப் படி. காற்று வடமேற்கிலிருந்து ஒரே சீராக இருக்க வேண்டும். மழை பெய்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கொளுத்து. மேல் சருகு காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். அதுதான் முக்கியம். எப்படிப் பார்ப்பது என்றால், பெரிய மரத்தடிக்குப் போய், அங்கே மேடாகக் குவிந்திருக்கிற மக்கிய சருகுக்குள் மணிக்கட்டு வரை கையை விடு. விரல் குளிர்ந்தால் கொளுத்து. குளிராவிட்டால் எண்ணெய் சொட்டித் தீ வைக்கிற கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. அப்பா இதைத் தவிர வேறு எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. அவர் கொளுத்திய காட்டில் ஒரு மரமும் செத்ததில்லை.

மாதம் முடிவதற்குள் செய்துவிடு. மார்ச் பாதி தாண்டினால் வேண்டாம்.

கிடேரிகளை முதல் நாளே தெற்கே ஓட்டிவிடு. ஹோசியாவை நம்பாதே. அவனுடைய வண்டியை அதைவிட நம்பாதே.

மகள் ரெனிட்டா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அப்பாவைப் போலவே அத்தையும் பிடிவாதம் என்றும் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்லவில்லை.

ரூஃபஸ்


டாலிவர் பண்ணை
பிப்ரவரி 20

அண்ணே,

உங்கள் கட்டளைகள் கிடைத்தன. செயலாக்க அறிக்கை பின்வருமாறு.

பதினான்காம் தேதி காற்று சரி, ஈரம் சரி. மணிக்கட்டு வரை கையை விட்டேன், நாய் மூக்கைத் தொட்டது போலக் குளிர்ந்தது. ஆனால் சிவப்புக் கிடேரி கன்று போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அது கன்று போடவில்லை.

பதினாறாம் தேதி ஹோசியாவின் வண்டி கிளம்பவில்லை. அதன் குணத்தைப் பற்றி நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு சரி.

பத்தொன்பதாம் தேதி காற்று சரி, ஈரம் சரி, கிடேரி சரி, வண்டி சரி. வன அலுவலகத்தில் அனுமதி எண்ணும் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லாததால் நானே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. மரங்கொத்திகள் பொந்து வைத்திருக்கிற மரங்களைச் சுற்றிச் சருகு வாரவில்லை என்று சொன்னேன். ஹோசியா, "அக்கா, அதை நேத்தே நான் வாரிட்டேன், இருபத்தி மூணு மரம்" என்றான். ஒழுங்காக வாரியிருக்கமாட்டாய் என்றேன். போய்ப் பார்த்தோம். ஒழுங்காகத்தான் வாரியிருந்தான்.

கேனைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"அக்கா" என்றான் ஹோசியா, "நீங்க இப்படியே பாத்துக்கிட்டு நின்னா கேன்ல எண்ணெதான் எரியும், காடு எரியாது."

"காத்து திரும்புற மாதிரி இருக்கு."

"காத்தா? என் தொப்பி மூணு மணி நேரமா ஒரே பக்கம்தான் ஆடுது."

அணைத்துவிட்டு வந்தோம். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினான். இருபத்தாறு வருஷத்தில் அவன் தொப்பி இல்லாமல் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் நிச்சயம்.

ஓர்லீன்


மொபைல்
மார்ச் 2

ஓர்லீன்,

அடுத்த வாரம் போய்விட்டது. தொலைக்காட்சியில் வானிலைப் பெண் உங்கள் கவுண்டியைப் பழுப்பு நிறத்தில் காட்டுகிறாள். பழுப்பு என்றால் மழை இல்லை.

கிடேரி என்கிறாய், வண்டி என்கிறாய், மரங்கொத்தி என்கிறாய். அடுத்த கடிதத்தில் போப்பாண்டவரின் உடல்நிலையைக் காரணம் காட்டுவாய் என்று எதிர்பார்க்கிறேன். மற்ற ஆறு துண்டிலும் நீ கேனைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பாய் என்று ஹோசியா சொல்லியிருக்கிறான். இதில் மட்டும் என்ன?

என்ன என்று எனக்குத் தெரியும். நீ எழுது.

ரூஃபஸ்


டாலிவர் பண்ணை
மார்ச் 19

அண்ணே,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்பு, அன்றைக்கு நான் சாலையில் நின்றேன். நீங்கள் உள்ளே கொளுத்திக்கொண்டே போனீர்கள். புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு நொடி எதுவும் அசையவில்லை. பிறகு புகை என் மூக்குக்கு வந்தது. நான் புரிந்துகொள்வதற்குள் காடு இரைந்தது. ரயில் வருகிறது என்று நினைத்துத் தண்டவாளம் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். இந்த ஊரில் தண்டவாளம் கிடையாது.

நாற்பது நிமிஷம். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. அப்போது நீங்கள் ஒரு கன்றின் காதைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் சேறாக, நடந்து வந்தீர்கள். "காத்து திரும்பிடுச்சு" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வருஷமே மொபைலுக்குப் போய்விட்டீர்கள். முழங்காலுக்குக் கடற்காற்று நல்லது என்று குடும்பத்தில் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம்.

நான் வேலியோரம் நிற்கும்போதெல்லாம் அந்த மூன்றாவது வாக்கியம் ஞாபகம் வருகிறது. ஹோசியாவின் மனைவியிடம் சொல்வதற்கு ஏற்ப அது தானாகவே மாறிக்கொள்கிறது.

இப்போது புதிதாக ஒரு பயமும் சேர்ந்திருக்கிறது. மழை பெய்து இருபத்து மூன்று நாள். போன வியாழக்கிழமை மழையே இல்லாமல் மின்னல் மட்டும் வந்து, நாலு மைல் தள்ளி ஒருவருடைய காட்டில் விழுந்தது. நாற்பது ஏக்கரும் வைக்கோல் கொட்டகையும் போயின. வாசலில் நின்று பார்த்தேன். ஆரஞ்சு நிறமாக இருந்தது. அதிலிருந்து காலணியைக் கழற்றாமல்தான் படுக்கிறேன். வானத்தில் மேகம் இல்லாவிட்டால் காய்கிறதே என்று பயம். மேகம் வந்தால் மின்னுமே என்று பயம்.

கொளுத்தினாலும் பயம், கொளுத்தாவிட்டாலும் பயம் என்றால், கொளுத்துவதில் ஒருநாள் பயத்தோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்ன செய்யட்டும்?

ஓர்லீன்


மொபைல்
மார்ச் 26

ஓர்லீன்,

நான் அன்றைக்கு மாட்டுக் குட்டையில் நின்றேன். தண்ணீர் தாடைவரை. அந்தக் கன்றும் என்னோடு இறங்கிவிட்டது. சட்டையை நனைத்து இரண்டு பேர் முகத்தின் மேலும் போட்டுக்கொண்டேன். தண்ணீர் சுடத் தொடங்கியது. குட்டைத் தண்ணீர் சுடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கன்று என் கழுத்தை நக்கிக்கொண்டே இருந்தது. நான் அதனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்பதை எழுதமாட்டேன்.

பதினாலு வருஷமாக நான் ஒரு தீக்குச்சி உரசியதில்லை. ரெனிட்டாவின் பிறந்தநாள் மெழுகுவத்தியை அவள் கணவன்தான் ஏற்றுகிறான். போன மாதம் மூன்று முறை உன்னிடம் வரப் பேருந்துச் சீட்டு வாங்கினேன். நிலையத்தில் உட்கார்ந்தேன். பேருந்து போனது. வீட்டுக்கு வந்து பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னேன். ரெனிட்டா என் பற்களைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். மார்ச் பாதி தாண்டினால் வேண்டாம் என்றேன்; இருந்தாலும் மின்னல் பருவம் வரும்போது அது அப்படியே நிற்கக் கூடாது. கொளுத்திவிடு. ஆனால் காற்றோடு கொளுத்தாதே. காற்றுக்கு எதிராகக் கொளுத்து. எட்டு கோடாகத் தீ வைத்து, ஒவ்வொரு கோடும் காற்றை எதிர்த்து ஊர்ந்து வரட்டும். தீ கணுக்கால் உயரத்துக்கு மேல் எழும்பக் கூடாது. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. நாள் முழுக்க ஆகட்டும். மெதுவாக வருகிற தீயைப் பார்த்துக்கொண்டே நாம் பின்னால் நடந்து போகலாம். அது யாரையும் குட்டைக்குத் துரத்தாது.

மெதுவாக, ஓர்லீன். அது ஒன்றுதான் நான் கேட்பது.

ரூஃபஸ்


டாலிவர் பண்ணை
ஏப்ரல் 9

அண்ணே,

முடிந்தது.

நான்காம் தேதி, புதன்கிழமை. காலை ஆறரைக்குத் தொடங்கி அந்தி சாய்வதற்குள் எண்பது ஏக்கரும். எட்டு கோடு. காற்று கடைசிவரை ஒரே பக்கம். தீ கணுக்கால் உயரம்தான், சில இடத்தில் அதுவும் இல்லை. ஒரு பூனை புதருக்குள் நடந்து வருவது போல வந்தது. காலை முழுக்க அடிக்கு ஒருமுறை ஹோசியாவின் தொப்பி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று திரும்பிப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு ஹோசியா வண்டியின் பின்னால் படுத்துத் தூங்கினான்.

"ஏன்டா, தீ எரியும்போது தூங்குற?"

"இதைத் தீன்னு சொன்னா உண்மைத் தீ கோவிச்சுக்கும் அக்கா. எங்க வீட்ல டோஸ்ட் இதைவிட வேகமாக் கருகும்."

ஒரு மரத்தின் உச்சியும் கருகவில்லை. முள்செடியும் கொடியும் மட்டும் போயின. பதினாலு வருஷத்துக்குப் பிறகு சாலையிலிருந்து குட்டை தெரிகிறது. மிஸ் கெஸ்லர் வெள்ளிக்கிழமை வந்து படம் எடுத்தாள். அறக்கட்டளையின் செய்தி மடலில் முன்பக்கத்தில் போடப்போகிறார்களாம். "பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

இரண்டு மாதமாக நான் இப்படித் தூங்கியதில்லை. காலணியைக் கழற்றிவிட்டேன்.

மாடுகள் வேலியை முட்டிக்கொண்டு நிற்கின்றன, சாம்பலில் படுத்துப் புரள வேண்டுமாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விடவில்லை. ஏனென்றால் பெரிய மரங்களின் அடியில் அந்தச் சருகு மேடுகள் மட்டும் இன்னும் புகைந்துகொண்டிருக்கின்றன. காலையில் பார்க்க அழகாக இருக்கிறது. வீடு வீடாக அடுப்பு மூட்டியது போல, மரத்துக்கு ஒரு சிறு புகை.

ஓர்லீன்


மொபைல்
ஏப்ரல் 12

ஓர்லீன்,

உன் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. உன் எண்ணைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். ஆறு முறை கூப்பிட்டேன், ஆறு முறையும் அதே மரியாதையோடு சொன்னாள். ஹோசியாவின் கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளை கிடைக்கும்.

கொளுத்துவதற்கு முன் கையை விட்டுப் பார்த்தாயா? எழுதவில்லை. நானும் போன கடிதத்தில் கேட்கவில்லை. மெதுவாக என்று எழுதினேன், மெதுவாக என்று எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை.

பதினாலு வருஷமாக எரியாத காட்டில் மரத்தின் மயிர்வேர்கள் மண்ணில் இருப்பதில்லை. மேலே ஏறி அந்தச் சருகு மெத்தைக்குள்ளேயே வந்துவிடும். மெத்தை ஈரமாக இருந்தால் தீ மேலே ஓடிவிடும். காய்ந்திருந்தால் உள்ளே இறங்கும். வேகமான தீக்கு இறங்க நேரம் இருக்காது. மெதுவான தீக்கு நாள் முழுக்க நேரம்.

அந்தப் புகை அழகு இல்லை. எட்டு நாளாக வேர் வெந்துகொண்டிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியை வண்டியில் ஏற்று. ஒவ்வொரு மரமாகப் போ. மண்வெட்டியால் கிளறி ஊற்று. ஊற்றிவிட்டுக் கையை விட்டுப் பார், சூடு இருந்தால் மறுபடி ஊற்று. பெரிய மரத்திலிருந்து தொடங்கு.

நாளைக் காலை ஏழே காலுக்குப் பேருந்து. ரெனிட்டாவை என்னோடு நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் ஏறுகிறவரை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன்.

ரூஃபஸ்


மொபைல்
மே 10

ஓர்லீன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதுகு இன்னும் பண்ணையிலேயே இருக்கிறது.

இருபத்து நான்கு நாள் நாம் மூன்று பேரும் ஊற்றிய தண்ணீரில் ஒரு குட்டை வெட்டியிருக்கலாம். ஹோசியா அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்ததை அவனிடம் சொல்லாதே. உள்ளே போன முதல் நாள் குட்டையருகே நான் உட்கார்ந்துவிட்டதையும், நீ பார்க்காதது போல வாளியை எடுத்துக்கொண்டு போனதையும் நான் கவனித்தேன்.

கிளம்பும்போது மரங்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. நீயும் ஹோசியாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மரம் தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு ஒரு கோடைவரை பச்சையாக நிற்கும். ஆகஸ்டில் உச்சியைப் பார். ஊசி நுனி மங்கினால் எழுது. அடிமரத்தில் வண்டு துளைத்த மாவு விழுந்தாலும் எழுது.

மாட்டை உள்ளே விடலாம். புல் நன்றாக வந்திருக்கிறது.

மெதுவாகக் கொளுத்தச் சொன்னது நான். மிஸ் கெஸ்லர் கேட்டால் அப்படியே சொல்.

ரூஃபஸ்


டாலிவர் பண்ணை
அக்டோபர் 3

அண்ணே,

ஆகஸ்டில் எழுதச் சொன்னீர்கள். ஆகஸ்டில் நான் உச்சியைப் பார்க்கவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இந்த வருஷம் மிக நன்றாக இருக்கின்றன. வடக்குக் காட்டுப் புல் மாதிரி இந்தப் பண்ணையில் எங்கும் வரவில்லை. கன்றுகள் சராசரிக்கு நாற்பது பவுண்டு கூடுதல் எடை. சிவப்புக் கிடேரி கடைசியில் கன்று போட்டது, காளைக் கன்று.

செப்டம்பரில் ஹோசியா என்னைக் கூப்பிட்டு, "அக்கா, தலையைத் தூக்குங்க" என்றான்.

"கழுத்து வலி" என்றேன்.

"எனக்கும்தான். தூக்குங்க."

தூக்கினேன். பல மரங்களில் ஊசி நுனி மங்கியிருந்தது.

அடியில் சிவப்பு மாவு இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன், மரத்தூள் மாதிரிதான் இருந்தது. இரண்டு நாள் நானும் அவனும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நடந்தோம். பச்சையாக இருக்கிற மரத்துக்கு ஒரு கோடு, மற்றதற்கு இரண்டு. நாம் தண்ணீர் ஊற்றிய மரங்களில் பாதிக்கு ஒரு கோடு போட முடிந்தது. நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே புகை அடங்கியிருந்த மரங்களுக்கு எதற்கும் முடியவில்லை. மரங்கொத்திகள் இருந்த இருபத்து மூன்று மரமும் நிற்கின்றன, அவற்றின் அடியில் சருகே இல்லாதபடி ஹோசியா வாரிவிட்டிருந்ததால். அவன் அதை நினைவுபடுத்தவில்லை. நான்தான் நினைவுபடுத்தினேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. பிப்ரவரி பதினான்காம் தேதி என் விரல் குளிர்ந்தது, பத்தொன்பதாம் தேதியும் குளிர்ந்தது. ஏப்ரல் நான்காம் தேதி நான் கையை விடவில்லை. விட்டால் குளிராதோ என்று பயமாக இருந்தது. குளிராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும், மறுபடி ஒருநாள் வந்து அந்த வேலியில் நிற்க வேண்டும். இதை நீங்கள் இங்கே இருந்தபோதே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று இருந்தேன்.

அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஏழு துண்டும் ஒப்பந்தப்படி எரிந்திருப்பதால் நம் பண்ணை இந்த ஆண்டு 'மிக நன்று' என்ற பிரிவில் இருக்கிறது. செய்தி மடலும் வைத்திருந்தார்கள். முன்பக்கத்தில் வடக்குக் காடு. மிஸ் கெஸ்லர் மட்டும் தனியாக வந்தாள். படத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்களோடு நடந்தாள், கொஞ்ச நேரம் சாக்பீஸையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

இரண்டு கோடு போட்டவை நானூற்றுப் பதினொன்று. வண்டு மற்றதுக்குப் பரவுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். மரம் வெட்டுகிறவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். எட்டு நாள் வேலை.

ஓர்லீன்